தெற்குப் பக்கம் பொங்கிய பொயிலர்

லண்டனில் எங்கள் ஆட்களுக்குள் இஞ்சினியர் இல்லாத குடும்பம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை. ஊரில் சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப் போடத் தெரியாதவர்கூட, நடுவில் இரண்டு வருடம் அரபு நாட்டில் நின்றுவிட்டு இங்கே வந்து இறங்கினால் இஞ்சினியர்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அரபு நாட்டுக்கும் போகாதவன். ஆகவே எனக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. வேலைதான் கிடைத்தது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் வந்து, கட்டடங்களுக்கு வயறிங் செய்யும் ஒருவரிடம் கேபிள் உருளை தூக்குகிறவனாகச் சேர்ந்தேன். ஏழெட்டு வருடம் சுவரில் துளை போட்டும் கூரைக்குள் தவழ்ந்தும் தொழில் கைக்கு வந்தது. கைக்கு வந்ததோடு நிம்மதி போனது. எந்த வீட்டில் எந்த ஸ்க்ரூவை இறுக்கினேன், எதை மறந்தேன் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, திரும்பிப் போய், பூட்டிய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்த நாட்கள் பல. பார்த்தபோதெல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. அது எனக்கு ஆறுதல் தரவில்லை. பார்க்காமல் விட்ட மற்றது தளர்ந்திருக்கும் என்றே தோன்றியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மாரிகாலம் வருவதற்கு முன்னால், முதலாளி என்னைத் தேடி வந்தார். எனக்கு அவர் முதலாளி இல்லை, என் மனைவிக்குத்தான். கிழக்கு லண்டனில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கறிவேப்பிலையும் வல்லாரையும் பச்சைமிளகாயும் விமானத்தில் வந்திறங்கும்போதே வாடிவிடுகின்றன என்பது அவருடைய தீராத துக்கம். நாங்கள் இருந்த செவன் கிங்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், லண்டன் முடிந்தும் முடியாமலும் கிடக்கும் ஓரத்தில், யாரோ தக்காளி வளர்த்துக் கைவிட்ட நீண்ட கண்ணாடிக் கொட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். அதற்குள் இப்போது எங்கள் இலைகள் எல்லாம் வளர்ந்தன. என் மனைவியும் வேறு இரண்டு பெண்களும் கிள்ளிக் கட்டிப் பொதி செய்தார்கள்.

கோடை முழுக்கச் செடிகள் அவரைக் கடவுள் ஆக்கி வைத்திருந்தன. குளிர் வருகிறது என்றதும்தான், கறிவேப்பிலைக்குப் பனி ஆகாது என்பது அவருக்கு நினைவு வந்தது.

“தம்பி, பொயிலர் ஒண்டு எடுத்திட்டன். வெளியிலை வைக்கிற சாமான். விறகிலை எரியும். எங்கடை கடைக்குச் சாமான் அடுக்கி வாற மரத்தட்டெல்லாம் சும்மா குவிஞ்சு கிடக்குத்தானே. நீர் வந்து வயறிங்கை மட்டும் கொழுவி விடும்.”

கொழுவி விடும் என்றார். சட்டையை ஆணியில் கொழுவுவதுபோல.

போய்ப் பார்த்தேன். வடக்கே எங்கோ ஒரு பண்ணையில் பல வருடம் எரிந்து களைத்த பொயிலர். ஒரு குளியலறை அளவு இரும்புப் பெட்டி, தலையில் புகைபோக்கி, முகத்தில் இரண்டு கதவு. மேல் கதவால் விறகு போடுவது, கீழ்க் கதவால் சாம்பல் எடுப்பது. நெருப்பைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஒரு பம்ப் இழுத்து, செடித் தட்டுகளுக்குக் கீழே ஓடும் குழாய்களில் சுற்றிவரச் செய்யும். ஒரு சின்ன ஃபேன் நெருப்புக்குக் காற்று ஊதும். தண்ணீர் போதிய சூடானதும் ஃபேன் நிற்க வேண்டும், நெருப்பு அடங்க வேண்டும். சூடு குறைந்ததும் மறுபடி ஊத வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு தெர்மோஸ்டாட். பேப்பரில் படம் போட்டுப் பார்த்தால் எல்லாம் அழகு.

மின்சாரத்தை ஸ்விட்சில் நிறுத்தலாம். காஸைத் திருகி நிறுத்தலாம். எரிகிற விறகை நிறுத்த இன்னும் யாரும் ஸ்விட்ச் கண்டுபிடிக்கவில்லை. ஃபேன் நின்றாலும் அது எரியும். பம்ப் நின்று போய், நெருப்பு மட்டும் நிற்காவிட்டால் தண்ணீர் கொதிக்கும். கொதித்தால் எங்கே போகும் என்று குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பொயிலரின் தலையிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக் கொட்டிலுக்குள் வந்து, ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் ஆளுயரத்துக்கும் மேலே வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் கவிழ்ந்து நின்றது. கொதிக்கும் தண்ணீர் அதற்குள்தான் வந்து கக்கும்.

தொட்டிக்கு நேர் கீழே, கொட்டிலின் மேற்குச் சுவரோடு ஒட்டினாற்போல், பொதி செய்யும் மேசை. மேசைக்கு முன்னால் என் மனைவி நின்று கறிவேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணை, இந்த மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடவேணும்” என்றேன்.

“ஏன்? உதுதான் கொட்டிலிலையே சூடான இடம். பெண்டுகளுக்குக் குளிருமெல்லே.”

அவருக்குப் பெண்களின் குளிர்மேல் இருந்த அக்கறை அந்த மேசையோடு முடிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டைக் கொட்டிலுக்கு வெளியே நின்று சாப்பிடச் சொன்னவர் அவர்தான், உள்ளே சோறு சிந்தினால் எலி வரும் என்று. ஆனால் என் மனைவியும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

“எனக்கு இதிலை நிக்கத்தான் விருப்பம். விரல் விறைக்காது. நீங்கள் எங்கை போனாலும் ஏதாவது ஒரு ஆபத்தைக் கண்டுபிடிப்பியள்.”

ஆகவே என்னால் முடிந்தது எதுவோ அதைச் செய்தேன். கொட்டிலிலிருந்து பொயிலருக்கு இரும்புக் கம்பி சுற்றிய கேபிளை மண்ணுக்குள் புதைத்தேன். கரண்ட் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறக்கிவிடும் ஏர்த்தை மூன்று தரம் சோதித்தேன். பொயிலருக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து, அதற்குள் முதல் தெர்மோஸ்டாட்டோடு இரண்டாவது ஒன்றும் பூட்டினேன். அது காவலுக்கு. தண்ணீர் கொதிக்கப் போகும் நிலைக்கு வந்தால் அது விழும், அதாவது ட்ரிப் ஆகும். விழுந்தால் இரண்டு காரியம் நடக்கும்: ஃபேன் அடியோடு நிற்கும், கொட்டிலுக்குள் சூடு வேண்டுமோ வேண்டாமோ பம்ப் தானாக ஓடத் தொடங்கி அந்தச் சூட்டைக் குழாய் முழுக்கப் பரப்பிவிடும். விழுந்ததை மறுபடி எழுப்ப ஒரு மனிதன் நடந்து போய், மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னப் பித்தானை அமத்த வேண்டும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏன் விழுந்தது என்று ஒருவனாவது போய்ப் பார்க்கட்டும் என்பதற்காக.

எங்கள் ஆட்களிடம் அந்த எதிர்பார்ப்பு செல்லாது. விழுந்தது என்றால் அது பழுது. பழுது என்றால் வயறிங் செய்தவன் பிழை.

முதலாளிக்கு ஒரு மச்சான் இருந்தார், அவருடைய மனைவியின் தம்பி. இஞ்சினியர். அரபு நாட்டில் ஒரு பெரிய கொம்பனியில் ஏதோ ஒரு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். என்ன இயந்திரம் என்று கேட்டால், “உமக்குச் சொன்னால் விளங்காது ஐசே” என்பார். கொட்டிலின் மேற்பார்வை அவருடையது. மேற்பார்வை என்றால் நாற்காலியில் இருந்து பார்ப்பது. நான் வேலை செய்த நாட்களில் எனக்கு ‘மிஸ்டர் ஏர்த்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நான் வாசலுக்கு வந்தாலே, “மிஸ்டர் ஏர்த் வாறார், எல்லாரும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கோ” என்று பெண்களுக்குச் சத்தம் வைப்பார். அவர்கள் சிரிப்பார்கள். என் மனைவி சிரிக்க மாட்டாள், ஆனால் குனிந்துகொள்வாள்.

வேலை முடிந்து மூன்று மாதம், கிழமைக்கு ஒருமுறை நான் அங்கே போனேன். யாரும் கூப்பிடவில்லை. மனைவியைக் கூட்டிவரப் போவதுபோல் போய், பெட்டியில் காதை வைத்துக் கேட்டு, குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். காவல் தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்து பார்க்க மட்டும் மச்சான் விடமாட்டார்.

“எல்லாம் ஓடுது ஐசே. ஓடுறதைத் திறந்து பாக்கிறவன் பைத்தியக்காரன்.”

“இரண்டாவது தெர்மோஸ்டாட் விழுறேல்லையோ?”

“முந்தி விழுந்தது. காத்தடிச்சால் விழும். இப்ப நல்ல பிள்ளை.”

நல்ல பிள்ளை என்று அவர் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வந்தது. ஆனால் அவர் முன்னால் நின்று மூடியைத் திறக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தேகப்படத் தெரிந்த அளவுக்கு எனக்குச் சண்டை போடத் தெரியாது.

இப்படி இருக்கத் தைப்பொங்கல் வந்தது. கொட்டிலில் முதல் பொங்கல், அதனால் முதலாளி பெரிதாகச் செய்ய நினைத்தார். பெரிதாக என்றால், வேலைக்கு வந்த பெண்களுக்கு அரை மணித்தியாலம் லீவு. உறவினர் ஏழெட்டுப் பேர் காரில் வந்து இறங்கினார்கள். சூரியன் எழும்பும் நேரத்தில் செய்ய வேண்டிய பொங்கல், முதலாளி கடையைத் திறந்து சாமான் இறக்கிவிட்டு வரப் பதினொரு மணி ஆயிற்று. சூரியன் தனக்காகக் காத்திருக்கும் என்று நம்புகிற மனிதர்.

என்னையும் வரச் சொல்லியிருந்தார். போனபோது பொயிலர் அலங்காரத்தோடு நின்றது. கதவில் திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். புகைபோக்கியைச் சுற்றிப் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கவே மாவிலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு, பச்சைச் சொட்டாக வழிந்து, புகைபோக்கியோடு ஒட்டிக்கொண்டன. எரிந்த பிளாஸ்டிக் மணத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கற்பூரமும் கொளுத்தியிருந்ததால் இரண்டையும் சேர்த்துப் பக்தியாக எடுத்துக்கொண்டார்கள்.

நல்ல நாள் என்று மச்சான் விறகுக் கதவைத் திறந்து மரத்தட்டுகளை உடைத்து வாய் வரைக்கும் அடைத்திருந்தார். வந்தவர்களுக்கு நெருப்புத் தெரிய வேண்டும் என்று கீழே சாம்பல் கதவையும் ஒரு செங்கல் வைத்துத் திறந்து விட்டிருந்தார். உள்ளே நெருப்பு உறுமியது.

“அண்ணை, கீழ்க் கதவு திறந்திருந்தால் ஃபேன் நிண்டாலும் காத்து இழுக்கும். அதைச் சாத்துங்கோ.”

“இண்டைக்கு ஒரு நாள் எரியட்டும் ஐசே. பொங்கலண்டைக்கும் அமத்தி வைக்கிறதோ?”

அடுத்தது திசைச் சண்டை. பானையைக் கிழக்கே பார்த்து வைக்க வேண்டும். வானம் முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு பக்கத்தில் மட்டும் முகிலுக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. காரில் வந்த ஒருவர் ஹீத்ரோ விமான நிலையம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் கிழக்கைச் சொல்லிவிடலாம் என்றார். ஹீத்ரோ எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மச்சான் கையை நீட்டினார்.

“உங்கை வெளிச்சம் தெரியுதெல்லே. மத்தியானத்துக்கு முந்திச் சூரியன் கிழக்கிலைதான் நிக்கும். இதுக்கு ஏன் இவ்வளவு கதை?”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஊரில் அது சரிதான். இந்த நாட்டில் தை மாதத்துச் சூரியன் தென்கிழக்கு மூலையில் சோம்பலாக எழும்பி, தெற்கிலேயே ஊர்ந்து, மேற்கே தாழ்ந்து விழும். பதினொரு மணிக்கு வெளிச்சம் நிற்கும் பக்கம் தெற்கு. குளிர்காலத்தில் கூரையில் வேலை செய்தவனுக்கு அது கண் கூசிக் கூசித் தெரிந்த விஷயம். நான் வாயைத் திறந்தேன்.

“நீர் ஏர்த்தைப் பாரும் ஐசே. சூரியனை நாங்கள் பாக்கிறம்” என்றார் மச்சான். சிரிப்பு எழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் சூரியன் எங்கே நிற்கிறது என்று ஒருமுறையாவது தலையை நிமிர்த்திப் பார்க்காத கூட்டம். தெற்கைப் பார்த்துப் பயபக்தியோடு கிழக்கு என்று கும்பிட்டது.

கொட்டிலுக்கு வெளியே முற்றத்தில் மூன்று கல் வைத்து, உடைத்த மரத்தட்டில் தீ மூட்டினார்கள். பெண்களைக் கூப்பிட்டார்கள். என் மனைவி மேசையில் சால்வையை வைத்துவிட்டு வந்து நின்றாள். பால் ஏறிவந்து, அவர்களுடைய கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. பால் முதலில் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கிழக்கும் வடக்கும் நல்லது. தெற்கு என்றால் அந்த வீட்டுக்கு ஆகாது, அது யமனுடைய பக்கம். முதலாளிக்கு முகம் மலர்ந்தது. “கிழக்கு, சரியாக் கிழக்கு” என்று வந்தவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அரிசி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல. பிறகு கடகடவென்று. பொயிலரின் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. நான் பம்ப் ஓடும் சத்தத்தைத் தேடினேன். அது இல்லை. கொட்டிலுக்குள் போதிய சூடு இருந்ததால் பம்ப் ஓய்வாக நின்றது. காவலுக்குப் பூட்டிய தெர்மோஸ்டாட் விழுந்து அதை ஓட வைத்திருக்க வேண்டும். விழவில்லை. கண்ணாடிக்குள் வெள்ளையாக ஆவி எழுந்தது. தொட்டியின் விளிம்பால் கொதிதண்ணீர் பாய் விரித்ததுபோல் மேசைமேல் இறங்குவது எல்லாருக்கும் தெரிந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். பிறகு காரில் வந்த ஒருவர், “பொங்கலோ பொங்கல்” என்று குரல் கொடுத்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி கண் கலங்கிக் கைகூப்பினார்.

நான் ஓடினேன். செங்கல்லைக் காலால் உதைத்துச் சாம்பல் கதவைச் சாத்தினேன். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, காவலுக்கு வைத்த தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஒரு பச்சை வயர். சாமிப் படத்துக்குப் போடும் மினுங்கி லைற்றிலிருந்து வெட்டிய, நூல்போல் மெல்லிய பச்சை வயர். தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனையையும் அதனால் நேரே சேர்த்துக் கட்டியிருந்தது. காவல்காரனின் வாயைக் கட்டிவிட்டு அவனை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் அவன் சத்தம் போட மாட்டான். பச்சை நிறம் ஏர்த்துக்கு உரியது, அதில் கரண்ட் ஓட விடக்கூடாது என்பது கேபிள் உருளை தூக்குகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. அரபு நாட்டில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

மெயின் ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி எடுத்து, ஸ்விட்சைப் போட்டேன். பம்ப் உடனே ஓடியது. சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது.

உள்ளே போய்ப் பார்த்தேன். மேசைமேல் கட்டி வைத்திருந்த கறிவேப்பிலை எல்லாம் அவிந்து கறுத்துக் கிடந்தது. கொட்டில் முழுக்க ரசம் வைத்ததுபோல் வாசம். பொதி சுற்றும் பிளாஸ்டிக் உருகிச் சுருங்கிக் கல்லாகியிருந்தது. என் மனைவியின் சால்வை ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. அவள் தினமும் நிற்கும் இடத்தில், சீமெந்தில், தண்ணீர் இன்னும் குமிழி விட்டது.

அந்தப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“இதை ஆர் போட்டது?”

“நான்தான்” என்றார் மச்சான், பரிசு வாங்கப் போகிறவர்போல. “உது சும்மா சும்மா விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் குளிருக்குள்ளை போய் ஆர் மூடியைத் திருகிறது? நேராக்கி விட்டன்.”

“நேராக்கினதாலைதான் கொதிச்சு வழிஞ்சிருக்கு, அண்ணை.”

“கொதிச்சால் என்ன ஐசே? கொதிக்கத்தானே பொயிலர்.”

முதலாளி பக்கம் திரும்பினேன். மேசையின் நிலையைச் சொன்னேன். தெர்மோஸ்டாட்டின் வேலையைச் சொன்னேன். மேசையையும் தொட்டியையும் பிரிக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோவிலில் பிரசங்கம் கேட்கிறவர்களின் பொறுமை அது.

“தம்பி, நல்ல நாளும் அதுவுமா அவச்சொல் சொல்லாதையும். பானையும் பொங்கி, பொயிலரும் பொங்கியிருக்கு. ஆருக்கு உப்பிடி நடக்கும்?”

“பதினொரு மணிக்கு நீங்கள் கூப்பிடாமல் விட்டிருந்தால் மூண்டு பெண்டுகளும் அதுக்குக் கீழைதான் நிண்டிருப்பினம்.”

“நான் கூப்பிட்டனான்தானே” என்றார்.

தன்னுடைய தீர்க்கதரிசனத்தை நான் இப்போதுதான் அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்ததுபோல் ஒரு புன்னகை. “மச்சான், அந்த வயரைத் திருப்பிப் போட்டுவிடு, செடி குளிரப் போகுது” என்றும் சொன்னார். மச்சான் என் கையிலிருந்த வயருக்குக் கையை நீட்டினார்.

நான் சொன்ன நியாயங்களில் ஒன்றுகூட அந்த முற்றத்தில் யாருடைய காதுக்குள்ளும் போகவில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு என் மனைவி அந்தத் தொட்டிக்குக் கீழே போய் நிற்பாள். நிற்காதே என்றால் கேட்க மாட்டாள். அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தபடி, நான் வயரைக் கொடுப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

“அப்ப இதையும் பொங்கல் எண்டே எடுக்கிறியள்?” என்று கேட்டேன்.

“பின்னை?”

“எந்தப் பக்கமாப் பொங்கினது எண்டு பாத்தியளே, அண்ணை?”

முதலாளியின் புன்னகை அப்படியே நின்றது. அவர் பானையைப் பார்த்தார். பிறகு வெளிச்சம் இருந்த பக்கத்தை, அவர்கள் கிழக்கு என்று முடிவுகட்டிய பக்கத்தைப் பார்த்து நேராக நின்றார். சின்ன வகுப்பில் திசை படித்த பிள்ளைபோல் இரண்டு கையையும் மெல்ல விரித்தார். கிழக்கைப் பார்த்து நிற்பவனுடைய வலது கை தெற்கு. அவருடைய வலது கை, விரல் நுனி வரைக்கும், பொதி செய்யும் மேசையைக் காட்டியது.

காரில் வந்தவர்களில் ஒரு அம்மா, “சிவ சிவா” என்றாள்.

“பொயிலருக்கெல்லாம் திசை பாக்கிறேல்லை, அத்தான்” என்று தொடங்கினார் மச்சான்.

“நீ வாயை மூடு. கண்டபடி வயரைக் கட்டிவிட்டு இப்ப கதைக்கிறாய்.”

கண்டபடி வயர் கட்டப்பட்டது என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. மூன்று மாதமாக ஒரு சாண் நகர்த்த முடியாது என்று நின்ற மேசை, பொங்கல் பானை இறங்குவதற்கு முன்னால் கொட்டிலின் மற்ற முனைக்குப் போய்விட்டது. காரில் வந்த ஆண்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார்கள். தொட்டியையும் அந்த இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்றார் முதலாளி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அதைக் கொட்டிலுக்கு வெளியே கொண்டுபோய், பனி பிடிக்காமல் சுற்றிக் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் உயர்த்தி வைத்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பொங்கலன்றே பூட்டுப் போடச் சொல்லி, திறப்பை முதலாளி என்னிடமே தந்தார்.

“இனி உதைத் தொடுறதெண்டால் நீர் மட்டும்தான் தொடவேணும் தம்பி. உமக்குத்தான் உதுகள் தெரியுது.”

உதுகள் என்று அவர் சொன்னது தெர்மோஸ்டாட்டை இல்லை.

எனக்கு அதில் பெருமை ஒன்றும் வரவில்லை. சரியான காரணம் சொல்லித் தோற்று, ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லி வென்றவனுக்கு என்ன பெருமை? அந்தக் கூட்டத்தை நான் ஏளனம் செய்துகொண்டிருந்த அதே நேரம், அவர்களுடைய பாஷையில் அவர்களைவிடச் சுத்தமாகப் பேசியிருக்கிறேன். சர்க்கரைப் பொங்கல் தந்தார்கள். அடிப்பிடித்திருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பின்னேரம் இருவரும் பஸ்ஸில் வந்தோம். மனைவி நனைந்த சால்வையைப் பிளாஸ்டிக் பையில் மடியில் வைத்திருந்தாள். இரண்டாவது பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த மேசை தெற்கிலையோ கிடந்தது?”

“ஏன் கேக்கிறீர்?”

“நான் ஐப்பசியிலையிருந்து அதிலை நிக்கிறன். வேலை முடியிற நேரம் மேசைக்கு அங்காலைதான் சூரியன் விழும். கண்ணைத் திறக்க ஏலாது. அது மேற்கு.”

“ஓம், மேற்குத்தான்.”

“அப்ப அவை பானை வைச்சது?”

“தெற்கைப் பாத்து.”

அவள் மடியில் இருந்த பையின் மேல் விரலால் நாலு திசையையும் குறித்தாள். மேற்கில் பொங்கினால் என்ன பலன் என்று கணக்குப் பார்க்கிறாளோ என்று நான் பயந்தேன். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு உண்டு. ஆனால் அவள் வேறு எதையோதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப பானைதான் தெற்குப் பக்கமாப் பொங்கினது.”

“ஓம்.”

“அதை அவருக்குச் சொல்லேல்லையோ?”

“கேட்டவையே?”

அவள் சிரித்தாள். மூன்று மாதமாகக் கொட்டிலில் குனிந்துகொண்டு அடக்கிய சிரிப்பு அது. பஸ்ஸில் முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் திறப்பு சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. பெட்டியைப் பூட்டினேனா என்று அடுத்த கேள்வி வந்தது. அதையும் கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

அந்த மாரி முழுக்க அவளுக்கு விரல் விறைத்தது. மேசை போய்ச் சேர்ந்த மற்ற முனையில் குழாய் சூடு பாதிதான் வரும், கதவும் அங்கேதான் திறக்கும். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு கறிவேப்பிலை கட்டினாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். சிவந்து, பிளந்து, நுனி வெளிறிய விரல்கள். பத்தும் இருக்கும். நான் பார்த்துவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கப் போவேன். கேத்தல் தானாக நிற்கும் வகைதான். இருந்தாலும் நிற்கும்வரைக்கும் பக்கத்திலேயே நிற்பேன்.